நூல் அறுகிறது, தலை பிரிகிறது, ஃப்ளை மூழ்குகிறது: டிரவுட் ஃப்ளை கட்டுகிறவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்க ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் நூலால் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டுகிறவர்கள் கொண்டுவந்து காட்டும் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே சிலதான். நூல் அறுகிறது, தலை பிரிகிறது, உடம்பு முள்ளின் தண்டைச் சுற்றி உருளுகிறது, மிதக்க வேண்டியது மூழ்குகிறது. இதில் ஒன்று வந்ததும் பெரும்பாலோர் விலை கூடிய இறகோ புது வைஸோ (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் கோளாறு நூலில்தான் இருக்கிறது: எவ்வளவு இழுக்கிறீர்கள், எத்தனை சுற்று போடுகிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள். அதனால் அறிகுறி எதுவானாலும் முதலில் நூல், அப்புறம் இறகும் ரோமமும், அப்புறம் முள், கடைசியில்தான் கருவி. உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 1907இல் மீன்வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்ததிலிருந்து இந்த மலையில் நிலைத்திருப்பது ரெயின்போ டிரவுட். ஓடைகள் சின்னவை, மீனும் பெரும்பாலும் சின்னது. ஆகவே 12, 14, 16 எண் முட்களை மனதில் வைத்துத்தான் எல்லாம் சொல்கிறேன். எண் கூடக் கூட முள் சின்னதாகும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

## நூல் அடிக்கடி அறுகிறது

எந்த இடத்தில் அறுகிறது என்பதை முதலில் பாருங்கள். காரணம் இடத்துக்கு இடம் மாறும்.

### முள்ளின் முனைக்குப் பக்கத்தில் அறுகிறது

நூல் முனையில் உரசுகிறது, அவ்வளவுதான். வைஸில் முள்ளைப் பொருத்தும்போது முனை முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; வால் பக்கம் சுற்றும்போது நூல் ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தொட்டுக்கொண்டு வரும். ஒருமுறை உரசினால் உடனே அறுந்துவிடாது, நூலில் ஒன்றிரண்டு இழை மட்டும் வெட்டுப்படும், நான்கு சுற்று தாண்டி நீங்கள் கொஞ்சம் இறுக்கும்போதுதான் அறும், அதனால்தான் பலருக்குக் காரணம் புரிவதில்லை. வால் பக்கம் சுற்றும்போது பாபினை (நூல்கண்டைத் தாங்கிக் குழாய் வழியே நூலை விடும் கருவி) உங்கள் பக்கமாகச் சற்றுச் சாய்த்துக்கொண்டு சுற்றுங்கள். வைஸின் தாடைக்குள் முனையை மறைத்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், தாடையின் அழுத்தத்தில் முனை ஒடிந்துபோகும்.

### பாபின் குழாயின் வாயில் அறுகிறது

காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, அதில் ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிரித்துக் குழாயின் வாயில் மெதுவாகச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வாயையும் பாருங்கள், மேல் வாய் மட்டும் இல்லை. சின்னப் பிசிராக இருந்தால் 1000க்கு மேற்பட்ட எண் உப்புத்தாளை ஊசி மாதிரிச் சுருட்டி உள்ளே விட்டுத் திருப்பினால் போய்விடும். போகவில்லை என்றால் உலோகக் குழாயோடு மல்லுக்கட்ட வேண்டாம், பீங்கான் குழாய் வைத்த பாபினுக்கு மாறிவிடுங்கள். இந்தத் தலைப்பில் காசு செலவு செய்யத் தகுந்த ஒரே இடம் இதுதான்.

### இங்கேதான் என்றில்லாமல் எங்கேயும் அறுகிறது

ஒன்று நூல் பழசு, அல்லது பாபினின் இரண்டு கைகளும் நூல்கண்டை அளவுக்கு மீறி இறுக்குகின்றன. கண்டிலிருந்து ஒரு சாண் நூல் எடுத்து இரண்டு கையிலும் பிடித்து இழுங்கள். கொஞ்சமும் நீளாமல் பட்டென்று அறுந்தால் நூல் செத்துவிட்டது. ஜன்னலோரம் வெயில் பட வைத்திருந்த நூல் இப்படித்தான் ஆகும். நீண்டு அப்புறம் அறுந்தால் நூல் நன்றாகவே இருக்கிறது, பாபின் கைகளைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக விரித்துவிடுங்கள். பாபினைத் தொங்கவிட்டால் தானாக இறங்கக் கூடாது, லேசாக இழுத்தால் வர வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

16 எண் முள்ளுக்கு 70 டெனியர் நூல் போதும் (டெனியர் நூலின் பருமனைச் சொல்வது, எண் கூடினால் நூல் தடிமன்). 10 எண் முள்ளில் வூலி பக்கர் மாதிரித் தடித்த ஃப்ளை கட்டுகிறீர்கள் என்றால் 140 டெனியருக்குப் போங்கள். தையல் கடை நூலில் கட்டலாமா என்று கேட்கிறார்கள். கட்டலாம், பாலியெஸ்டராக இருந்தால் அறாது, ஆனால் 14 எண்ணைவிடச் சின்ன முள்ளுக்குப் போனால் தலை குண்டாகி முள்ளின் கண்ணை (தூண்டில் நரம்பு கோக்கும் துளையை) அடைத்துவிடும்.

## தலை பிரிந்துவிடுகிறது, அல்லது கண் அடைபட்டுவிடுகிறது

இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இரண்டும் இடப் பற்றாக்குறையால் வருவது. கண்ணை ஒட்டியே இறகைக் கட்டி முடித்துவிட்டால், முடிச்சுப் போட இடம் இல்லாமல் நூல் கண்ணின் மேலேயே ஏறுகிறது, ஏறிய சுற்று சறுக்கி இறங்குகிறது, தலை பிரிகிறது.

பிரிந்த ஃப்ளையைப் பிளேடால் அறுத்து ஒருமுறை பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் வெறும் தண்டு தெரிகிறதா? கண்ணின் நீளத்துக்கு இரண்டு மடங்கு தண்டைக் கடைசிவரை வெறுமையாக விட்டிருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே அந்த இடத்தில் ஒரு சுற்று நூல் போட்டு எல்லைக்கோடு மாதிரி வைத்துக்கொண்டால் எந்தப் பொருளும் அதைத் தாண்டாது.

இடம் விட்டும் பிரிகிறது என்றால் முடிச்சைப் பாருங்கள். அரை முடிச்சு இரண்டு போட்டு வெட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். விப் ஃபினிஷ் (நூலின் மேலேயே நூலைச் சுற்றி நுனியை உள்ளே இழுத்து முடிப்பது) போடுங்கள், ஐந்து சுற்று, முடிந்தால் இரண்டு தடவை. அதற்குக் கருவி கட்டாயம் இல்லை, இரண்டு விரலாலேயே போடலாம். இறுக்கும்போது நூலைக் கண்ணின் பக்கமாக இழுக்காமல் உங்களை நோக்கி நேராக இழுங்கள், முன்னால் இழுத்தால் சுற்றுகள் ஒவ்வொன்றாகச் சரியும்.

பூசுவதற்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் போதும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவ மழையில், ஊட்டிப் பக்கம் காற்றிலேயே ஈரம் நிற்கும். அப்போது பாலிஷ் காயாமல் மேலே வெண்மையாகப் படரும். அந்த மாதங்களில் ஒரு துளி சூப்பர் குளூவை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். அது இறுகுவதே காற்றின் ஈரத்தால்தான் என்பதால் மழைக்காலத்தில் நன்றாகவே வேலை செய்யும்.

கண்ணில் பசை இறங்கிவிட்டதா? காய்வதற்குள் வேண்டாத இறகொன்றின் தண்டைக் கண்ணுக்குள் விட்டு மறுபக்கம் உருவி எடுங்கள், பசையும் கூடவே வந்துவிடும். காய்ந்துவிட்டால் ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் விறைத்த விரலோடு, தண்ணீருக்குள் நின்றுகொண்டு, அடைபட்ட கண்ணில் மெல்லிய நரம்பை நுழைக்கப் பார்ப்பது பெரும் பாடு.

## உடம்பு தண்டைச் சுற்றி உருளுகிறது

கட்டிய ஃப்ளையை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள். உடம்பு தனியே சுழன்றால் அடிநூல் இல்லை. வெறும் உலோகத் தண்டு வழுக்கும். கண்ணுக்குப் பின்னாலிருந்து வளைவு வரை நெருக்கமாக ஒரு வரிசை நூல் சுற்றிவிட்டுத்தான் மற்றது எதையும் கட்ட வேண்டும். அடிநூல் இருந்தும் உருளுகிறது என்றால் பொருள் கட்டும் முன் அதன்மேல் சூப்பர் குளூ ஒரு பொட்டு. வேறு ஒன்றும் தேவையில்லை.

## ஒரு மீன் கடித்ததும் ஃப்ளை பிய்ந்துவிடுகிறது

டிரவுட்டின் பல் சின்னது, ஆனால் கூர்மை. மயில் தோகையின் இழையால் உடம்பு சுற்றிய ஃப்ளையில் இது அதிகம் வரும், அந்த இழை அவ்வளவு மென்மையானது. முதல் வழிக்குச் செலவே இல்லை: மூன்று நான்கு இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கிக் கயிறாக்கி அப்புறம் சுற்றுங்கள். இரண்டாவது, மெல்லிய செம்புக் கம்பியை மேலே சுற்றுவது. உடம்பைச் சுற்றிய திசைக்கு எதிர்த் திசையில் கம்பி போக வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு இழையையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும். ஒரே திசையில் போனால் கம்பி இழைகளுக்கு நடுவே புதைந்துவிடும், பிரயோஜனம் இல்லை.

இந்தக் கம்பிக்காகத் தபாலில் எதையும் வரவழைக்க வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடையில் சீலிங் ஃபேனுக்குச் சுற்றும் 36 கேஜ் கம்பி கேளுங்கள், கழித்துப் போட்ட துண்டே வருடக்கணக்கில் வரும். 16 எண் முள்ளுக்கு 38 கேஜ் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் தன் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை (நிம்ஃப் என்பது தண்ணீருக்குள் மூழ்கிப் போகும் ஃப்ளை) நூலே இல்லாமல் செம்புக் கம்பியால் மட்டும் கட்டினார். கட்டுவதும் அதுவே, எடை தருவதும் அதுவே.

மயில் தோகை என்றால் உதிர்ந்தது மட்டும்தான். சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மெழுகுத் துளி மாதிரிப் பளபளக்கும் புள்ளி கொண்ட அந்த இறகுக்காக வெளிநாட்டில் ஃப்ளை கட்டுகிறவர்கள் உயிரையே விடுவார்கள், பறவையோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் திரிகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பறவை அது. யாராவது தோலோடு கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். கறுப்பு நாட்டுக்கோழி இறகில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு துளி, காய்ந்ததும் அதன் நடுவில் ஆரஞ்சு ஒரு துளி வையுங்கள். டிரவுட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

## கழுத்திறகு ஒழுங்காக நிற்பதில்லை

### சுற்றும்போது தண்டு ஒடிகிறது

இறகு காய்ந்திருக்கிறது. பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்துச் சுற்றுங்கள். பிடிக்கும் இடுக்கி வாயின் விளிம்பு கூர்மையாக இருந்தாலும் ஒடியும், விளிம்பை உப்புத்தாளில் மழுக்குங்கள்.

### இழைகள் முன்னும் பின்னுமாகச் சிதறுகின்றன

கட்டும் இடத்தில் தண்டிலிருந்து இழைகளை உருவி, கொஞ்சம் வெறும் தண்டை விட்டுக் கட்டினீர்களா? விடவில்லை என்றால் முதல் சுற்றிலேயே இறகு திரும்பிக்கொள்ளும். அடுத்தது அடித்தளம்: ரோமத்தின் மேடு பள்ளத்தின் மேலே சுற்றினால் எந்த விலை கொடுத்து வாங்கிய இறகும் சிதறத்தான் செய்யும். அந்த இடத்தில் நூலைச் சமமாகப் பரப்புங்கள்.

### இழை நீளம் அளவாக இல்லை

இறகின் தண்டை வளைத்துப் பிடித்தால் இழைகள் விரிந்து நிற்கும். அந்த இழை, முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். கறிக்கடையில் கிடைக்கும் நாட்டுச் சேவல் கழுத்தில் 12 எண்ணுக்குத் தகுந்த இறகு தேடினால் கிடைக்கும், 16க்குக் கிடைப்பது அரிது. அங்கேதான் ஃப்ளைக்கென்றே வளர்த்த சேவலின் இறகுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். பிராய்லர் கோழி இறகில் நேரத்தை வீணாக்காதீர்கள். பெட்டைக்கோழி இறகை எடுத்து வையுங்கள், மென்மையாக இருப்பதால் தண்ணீருக்குள் போகும் ஃப்ளைக்கு அதுதான் வேண்டும்.

## ரோமம் நூலில் ஒட்டாமல் உதிர்கிறது

அதிகம் எடுக்கிறீர்கள். முயல் ரோமத்தை இரண்டு விரலில் எடுத்து, அதில் பாதியைத் திரும்ப வையுங்கள், மிச்சத்திலும் பாதியை வையுங்கள். நூலின் நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். விரலால் ஒரே திசையில் மட்டும் உருட்டுங்கள், முன்னும் பின்னும் உருட்டினால் போட்ட முறுக்கை நீங்களே பிரிக்கிறீர்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் நூலில் தேன்மெழுகை ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

## மிதக்க வேண்டிய ஃப்ளை மூழ்குகிறது

இதை வீட்டில் ஒரு வட்டா நிறையத் தண்ணீர் வைத்தே சோதித்துவிடலாம், சோதிக்கவும் வேண்டும். நல்ல ஓடைகள் பலவும் காட்டுக்குள் ஓடுகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. அனுமதி கிடைத்துப் போகிற ஒரு நாளை ஃப்ளை மூழ்குகிறதா என்று பார்ப்பதில் கழிப்பது பாவம்.

ஒரு முழ உயரத்திலிருந்து ஃப்ளையைத் தண்ணீரில் விடுங்கள்.

### விட்டதுமே மூழ்குகிறது

முள் தடித்தது, அல்லது கழுத்திறகு மென்மையானது. இறகை வெளிச்சத்தில் பிடித்தால் தண்டை ஒட்டிப் பஞ்சு மாதிரி மங்கலான பகுதி தெரியும். அது தண்ணீரைக் குடிக்கும். அந்தப் பகுதி குறைவாக உள்ள நுனிப் பக்கத்தைச் சுற்றுங்கள். முள் வாங்கும்போது மெல்லிய கம்பியில் செய்ததா என்று பாருங்கள், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரணத் தூண்டில் முள் பெரும்பாலும் இதற்குக் கனம்.

### கொஞ்ச நேரம் மிதந்து அப்புறம் மூழ்குகிறது

உடம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது. பருத்தி நூலோ கம்பளியோ உடம்பில் இருந்தால் மாற்றுங்கள். ரோமத்தைக் குறையுங்கள். மிதப்புக் களிம்பைக் காய்ந்த ஃப்ளையில்தான் தடவ வேண்டும். நனைந்த பிறகு தடவினால் தண்ணீரை உள்ளே வைத்து மூடியது போலத்தான்.

### முதல் மீன் வரை மிதந்தது, அதன் பிறகு இல்லை

மீனின் வழவழப்பு ஒட்டியிருக்கிறது. ஓடைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, புது மருந்துப் புட்டிகளுக்குள் வருமே அந்த சிலிக்கா ஜெல், அதைப் பொடித்து ஒரு சின்ன டப்பாவில் வைத்து ஃப்ளையை உள்ளே போட்டுக் குலுக்குங்கள். பொடிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல.

வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள குட்டி இறகால் கட்டிய ஃப்ளைக்கு மட்டும் களிம்பு ஆகாது. இழைகள் ஒட்டிக்கொண்டு, இருந்த மிதப்பும் போய்விடும். அதற்குப் பொடி மட்டும்.

## மூழ்க வேண்டிய நிம்ஃப் மேலேயே நிற்கிறது

முதலில் உடம்பின் பருமனைப் பாருங்கள், பஞ்சு மாதிரி உப்பியிருந்தால் எடை போட்டும் பயன் இல்லை. அடுத்தது செம்புக் கம்பியைத் தண்டில் நெருக்கமாகச் சுற்றி அதன்மேல் கட்டுவது. அடுத்தது பித்தளை மணி. 12 எண்ணுக்கு 3 மில்லிமீட்டர், 14க்கு 2.5. கடைசியாக டங்ஸ்டன் மணி, விலை கூட, ஆனால் ஆழமான கசத்தில் வேறு எதுவும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

மணி வளைவைத் தாண்டவில்லை என்றால் அதன் இரண்டு துளைகளையும் பாருங்கள். ஒன்று சின்னது, மற்றது அகலம். சின்னத் துளையை முனையில் முதலில் நுழைக்க வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் முனைக்குப் பின்னால் உள்ள எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்திவிடுங்கள். மீனை விடுவிக்கவும் அது எளிது, உங்கள் விரலுக்கும் அதுதான் நல்லது.

## வீசினால் தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்கிறது

ஃப்ளை காற்றில் காற்றாடி மாதிரிச் சுழல்கிறது. இரண்டு சிறகும் ஒரே நீளமா, ஒரே கோணமா என்று முன்பக்கமிருந்து பாருங்கள். சரியாகவே இருக்கிறது என்றால் நரம்பு மெல்லியது. முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் வருவது நரம்பின் எக்ஸ் எண் (எண் கூடக் கூட நரம்பு மெல்லியது): 12க்கு 4 எக்ஸ், 15 வாக்கில் 5 எக்ஸ். கணக்கு ரொம்பக் கறாராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் 12 எண் ஃப்ளையை 7 எக்ஸில் கட்டினால் முறுக்கத்தான் செய்யும்.

## வைஸில் முள் நழுவுகிறது அல்லது ஒடிகிறது

நழுவினால் முதலில் தாடையைத் துடையுங்கள், எண்ணெயும் மெழுகும் படிந்திருக்கும். அப்புறம் முள்ளின் பருமனுக்கு ஏற்ப வாயின் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். முள்ளை நுனியில் கவ்வாமல் வளைவின் அடிப்பகுதியில் கவ்வச் செய்யுங்கள். முள் ஒடிந்தால், அதே பெட்டியிலிருந்து இன்னொன்றைக் குறட்டில் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள்: கொஞ்சம் வளைந்து திரும்பினால் முள்ளில் குறையில்லை, நீங்கள்தான் அதிகம் இறுக்குகிறீர்கள், சட்டென்று ஒடிந்தால் பெட்டியோடு ஒதுக்கிவிடுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் நழுவினால் தாடையை லென்ஸில் பாருங்கள். கவ்வும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அரம் வைத்து ராவாதீர்கள். தாடை கடினப்படுத்திய எஃகு, கையால் ராவினால் இரண்டு பக்கமும் சமமாக வராது. தாடை தனியாகக் கிடைக்கும் மாடலாக இருந்தால் மாற்றிவிடலாம். கிடைக்காது என்றால் நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பழைய தாடையை மாதிரிக்குக் கொடுத்து, டூல் ஸ்டீலில் செய்து பதம் ஏற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பதம் ஏற்ற மாட்டோம் என்றால் வேறு பட்டறை பாருங்கள், பதம் ஏறாத தாடை சீக்கிரமே மறுபடி பள்ளம் விழும்.

## டப்பாவில் வைத்த இறகு உதிர்கிறது, முள் துருப்பிடிக்கிறது

இறகுக்கு அடியில் மெல்லிய தூளும் புழுவின் தோலும் கிடந்தால் பூச்சி வந்துவிட்டது. அந்தப் பையை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். காற்றுப் போகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில், இரண்டு நாள் வெளியே, மறுபடி ஒரு வாரம் ஃப்ரீசரில். முதல் தடவை தப்பிய முட்டை வெளியே பொரிந்ததும் இரண்டாம் தடவையில் சாகும். கறிக்கடை இறகைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தோலில் கொழுப்பே இல்லாமல் சுரண்டி, நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் டப்பாவுக்குள் விட வேண்டும்.

துருவுக்குப் பெரும்பாலும் காரணம், நனைந்த ஃப்ளையை அப்படியே பெட்டியில் போட்டு மூடுவது. வீடு வந்ததும் பெட்டியைத் திறந்து வையுங்கள்.

## முள் விரலில் ஏறிவிட்டது

எதிர்முள்ளை அழுத்திய முள் என்றால், ஏறிய வழியிலேயே பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்முள்ளோடு ஆழமாக ஏறியிருந்தாலோ, மூட்டுக்கு அருகே என்றாலோ, விரல் மரத்துப்போனாலோ நீங்களே இழுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணிலோ இமையிலோ பட்டால் தொடவே கூடாது. இழுக்காதீர்கள், அழுத்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். முள்ளோடு இருக்கும் தூண்டில் நரம்பை மட்டும் வெட்டிவிட்டு, கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.